செக் இன்ஜின் விளக்கும் எடைக்குப் போன கன்வெர்ட்டரும்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள், பழைய கன்வெர்ட்டரை (சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) கழற்றிக் கொடுக்கும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். நான் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டி 2018 மாடல், பிஎஸ்4, 86,000 கிலோமீட்டர் ஓடியது. போன மாதம் சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் செக் இன்ஜின் விளக்கு வந்தது. மின்னவில்லை, நிலையாக எரிந்தது. (மின்னினால் பெட்ரோல் எரியாமலே சைலன்சருக்குள் போகிறது என்று அர்த்தம். அதோடு ஓட்டினால் நல்ல கன்வெர்ட்டரும் வெந்துவிடும், ஓரங்கட்டிவிட வேண்டும்.) இழுவையில் குறை இல்லை, மைலேஜும் இறங்கவில்லை. ஒன்றே ஒன்றுதான்: கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம். இன்ஜின் சூடானால் அடங்கிவிடும்.

கிருஷ்ணகிரி பைபாஸை ஒட்டிய ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் போடவில்லை, காரணம் பில் விஷயத்தில் புரியும். ஸ்கேனரைச் சொருகினார், பி0420 என்ற பிழைக் குறியீடு வந்தது, கன்வெர்ட்டர் புகையைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்பது அதன் பொருள். "கன்வெர்ட்டர் போச்சு சார்." பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. டிக் டிக்கைச் சொன்னேன். "அது டேப்பட் சத்தம் சார், இன்ஜின் வால்வு பக்கம் வர்றது, இத்தனை கிலோமீட்டருக்கு வரத்தான் செய்யும்." கம்பெனி பார்ட் என்றால் ஐம்பதாயிரத்தைத் தாண்டும், தன்னிடம் அதே குவாலிட்டி 24,000 என்றார். பழசை எடுத்துக்கொண்டு 1,500 கழித்தார். அப்போது அது எனக்குப் பெரிய மனசாகத் தெரிந்தது, என்ன செய்ய.

விளக்கு அணைந்தது. ஊருக்குள் பத்து நாள் ஓட்டினேன், வரவில்லை. அப்புறம் ஒரு வேலையாகப் பெங்களூர் போய்விட்டு அன்றே திரும்பும்போது, சூளகிரி தாண்டியதும் மறுபடி அதே விளக்கு. ஸ்கேனரில் அந்தக் குறியீட்டை அழித்தால் விளக்கு யாருக்கும் அணையும். கன்வெர்ட்டரை வண்டியே சோதித்துப் பார்க்க ஒரே சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். பெரும்பாலும் இரண்டு ஓட்டத்தில் தொடர்ந்து தேறாவிட்டால்தான் விளக்கு வரும். ரவுண்டானாவுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஓட்டினால் அந்தச் சோதனையே நடக்காது. இதெல்லாம் பிறகு தெரிந்தது.

சொன்னவர் தருமபுரியில் ஒரு பழைய மெக்கானிக். "ராத்திரி வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க, காலைல இன்ஜின் ஆறிப்போய் இருக்கும்போதுதான் பாக்கணும்" என்றார். காலையில் சைலன்சர் வாயில் துணி சுற்றிய ஏர் பைப்பைச் செருகி லேசாகக் காற்று விட்டார். ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணீர். மேனிஃபோல்டு, அதாவது இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய், இன்ஜினோடு சேரும் இடத்தில் தெளித்தார். மூன்று போல்ட் பக்கம் ஒன்றுமில்லை. நான்காவதில் புசுபுசுவென்று நுரை. ஸ்டட் (அதை இறுக்கிப் பிடிக்கும் திருகு) முறிந்து, கேஸ்கெட் (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) ஓரமாகக் கறுப்புக் கரி கோடு இழுத்திருந்தது. "இது ஒரு மாசத்துக் கரி இல்லீங்க." டேப்பட் சத்தம் என்றாரே, அது இதுதான். இரும்பு சூடாகி விரிந்ததும் சந்து பெரும்பாலும் அடைபடும், சத்தம் நிற்கும். அந்தச் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே போனால் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாருக்குத் தப்புக் கணக்கு வரும், பி0420 விழலாம். அந்தக் குறியீடு, சென்சார் காட்டுவதை வைத்துக் கம்ப்யூட்டர் போடும் சந்தேகம் மட்டுமே. ஸ்டட், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 1,350.

கதை அதோடு முடியவில்லை. அடைத்த பிறகும் விளக்கு வந்தது. இன்ஜினைச் சூடாக்கி, கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு சென்சாரின் வரைகோட்டையும் போனில் காட்டினார். முன்சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9க்கும் இடையே ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின்சென்சார் 0.6, 0.7 என்று ஏறக்குறைய நேர்கோடாக நிற்க வேண்டும். என் வண்டியில் இரண்டும் சேர்ந்து ஆடின. புதிதாகப் போட்டது பேருக்குத்தான் கன்வெர்ட்டர்.

"பழசு நல்லா இருந்திருக்கும் போலயே ணா?" என்றேன். "இருந்திருக்கலாங்க. சோதிக்க அது கைல இருக்கணுமே." கம்பெனி கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்களின் பூச்சு உண்டு. அதற்கென்றே வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். 1,500 கழித்த மனசு இப்போது புரிகிறது.

திரும்ப கிருஷ்ணகிரிக்குப் போய்ப் பழசைக் கேட்டேன். "ஸ்கிராப் வண்டி போயிடுச்சு சார்." பில்லைக் காட்டினேன். அதில் "எக்ஸாஸ்ட் ஒர்க் 22,500" என்று ஒரே வரி. பார்ட் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை, வாரண்டி இல்லை. வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதியதை வைத்துக்கொண்டு ஒருவர் பெயரை எப்படிப் பொதுவில் போடுவது? 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், வரட்டும் பார்ப்போம்.

அடுத்த மாதம் புகைச் சான்றிதழ் முடிகிறது, இந்தக் கன்வெர்ட்டரோடு தேறுமா என்று தருமபுரி மெக்கானிக்கிடமே கேட்டேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அதெல்லாம் நம்ம ஆளு இருக்காப்ல, வண்டியே வேணாம், போட்டோ மட்டும் அனுப்புங்க சார்."