செயற்கை மூட்டில் கிருமி ஒட்டாமலிருக்க: மருந்துச் சிமெண்ட்டா, வெள்ளிப் பூச்சா?

வெறும் தோலில் சீழ் பிடிக்கப் பல லட்சம் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகள் வேண்டும். அதே தோலில் ஒரு தையல் நூல் கிடந்தால் சில நூறே போதும் என்று எலெக், கோனென் என்ற இரு ஆய்வாளர்கள் 1957இல் காட்டினார்கள். நூலுக்கே இப்படியென்றால் செயற்கை முழங்கால் மூட்டுக்குக் கேட்கவே வேண்டாம். உலோகத்தில் ஒட்டிப் படலம் கட்டிவிட்ட கிருமியை மாத்திரையோ ஊசியோ மட்டும் விரட்டுவது அரிது. பல நேரம் மூட்டையே கழற்ற வேண்டிவரும்.

செயற்கை மூட்டை எலும்போடு பொருத்தும் பசைதான் எலும்பு சிமெண்ட். அதில் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கலக்கும் வழக்கம் ஹாம்பர்க்கில் அறுவை மருத்துவர் புக்ஹோல்ட்ஸ் 1970இல் வெளியிட்ட வேலையிலிருந்து வந்தது. தடுப்புக்கு என்றால் 40 கிராம் சிமெண்ட் தூளுக்கு 0.5 முதல் 1 கிராம் மருந்து. அதற்கு மேல் போனால் சிமெண்ட்டின் வலு குறையத் தொடங்கும். 2 கிராமுக்கு மேல் கலப்பதெல்லாம் தொற்று வந்து மூட்டைக் கழற்றிய பின், அந்த இடத்தை நிரப்ப வைக்கும் தற்காலிக சிமெண்ட் துண்டான ஸ்பேசருக்குத்தான். கையால் கலப்பவர்கள் தவறுவது இரண்டு இடத்தில். ஊசி மருந்தாக வரும் திரவ ஜென்டாமைசினை ஊற்றுவது ஒன்று: சிமெண்ட் பொலபொலத்துவிடும். வேன்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கின் கட்டிகளை நுணுக்காமல் போடுவது இன்னொன்று. தூளோடு தூளாக முதலில் கலந்து, பிறகே சிமெண்ட்டின் திரவத்தைச் சேர்க்க வேண்டும். சிமெண்ட் இறுகும்போது சூடேறும் என்பதால் வெப்பம் தாங்கும் மருந்துகளுக்கு மட்டுமே இங்கு இடம். முதல் சில நாள் மருந்து நன்றாகக் கசியும். பெரும்பகுதி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பிறகு சொட்டுச் சொட்டாகக் கசிவது கிருமியைக் கொல்லப் போதாது, மருந்துக்குப் பழக்கிவிடவே உதவும்.

வெள்ளிப் பூச்சிலிருந்து வெளிவரும் வெள்ளி அயனிக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமியையும் தாக்கும். ஆனால் உடல் திரவத்தில் இருக்கும் குளோரைடும் புரதமும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. எலும்புப் புற்றுநோய்க்கு வைக்கும் பெரிய மூட்டுகளில் வெள்ளிப் பூச்சு பயன்படுகிறது. சிலருக்குத் தோல் நீலச் சாம்பலாக மாறும். கிருமியைக் கொல்வது சுற்றியுள்ள திசுவையும் சும்மா விடாது. வெள்ளி பூசிய சில்சோன் இதய வால்வு, விளிம்பில் இரத்தம் கசிந்ததால் 2000இல் திரும்பப் பெறப்பட்டது.

சாதாரண முழங்கால் மூட்டுக்கு மருந்துச் சிமெண்ட்டே சரி, வெள்ளி தேவையில்லை. ஆனால் இரண்டுக்கும் முன்னால் நிற்பது அறுவைக்கு முன் போடும் ஆன்டிபயாடிக் ஊசி. வெட்டுவதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் செஃபசோலின் 2 கிராம், 120 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவருக்கு 3 கிராம், அறுவை நீண்டால் 4 மணி நேரத்தில் மறுபடி. வேன்கோமைசின் என்றால் மெதுவாக ஏற்ற வேண்டும், ஆகவே இன்னும் முன்பே தொடங்கணும். மருந்து முழுதும் ஏறிய பிறகே தொடையில் இரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டையான டோர்னிகெட்டை இறுக்க வேண்டும். முந்திக்கொண்டால் மருந்து முழங்காலை எட்டவே எட்டாது.