நாவல் எழுத ஸ்க்ரிவெனரா, கூகுள் டாக்ஸா?

நாவலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வரிசையாக எழுதுபவருக்குக் கூகுள் டாக்ஸே போதும். காசு கிடையாது, பேருந்தில் கைப்பேசியிலும் தொடரலாம், தமிழில் பேசினால் தட்டச்சும் செய்துகொள்ளும். பழைய பிரதிகள் தானாகவே பதிவாகின்றன. 2024-இல் ஒரே கோப்புக்குள் தாவல்கள் (tabs) வந்தபிறகு அத்தியாயத்துக்கு ஒன்று என்று பிரித்தும் வைக்கலாம்.

ஆனால் நம்மில் பலர் அப்படி எழுதுவதில்லையே! கல்யாணக் காட்சி முதலில் வரும், பெண் பார்த்த காட்சி மூன்று மாதம் கழித்து வரும். அங்கேதான் நீண்ட எழுத்துக்கென்றே உள்ள மென்பொருளான ஸ்க்ரிவெனர் ஜெயிக்கிறது. ஒவ்வொரு காட்சியும் தனித் துண்டு. இடப்பக்கப் பட்டியலில் இழுத்து மேலே போட்டால் கதை வரிசையே மாறிவிடும். கார்க் பலகையில் துண்டுகள் அட்டைகளாகத் தெரியும்; ஒரு பாத்திரம் ஆறு காட்சியாகக் காணவில்லை என்பது அங்கே பளிச்சென்று பிடிபடும். திருத்துமுன் ‘ஸ்னாப்ஷாட்’ (அப்போதைய பிரதியின் நகல்) எடுத்துவிட்டால் பயமில்லாமல் வெட்டலாம்.

விலை ஒருமுறைதான், மாதச் சந்தா இல்லை. 30 நாள் இலவசச் சோதனையிலும் திறந்த நாள்கள் மட்டுமே கணக்கு. ஆனால் ஆண்ட்ராய்டில் கிடையாது.

அன்றன்றைக்கு இத்தனை சொல் என்ற இலக்கையும் ஸ்க்ரிவெனரில் வைக்கலாம். ஆங்கிலக்காரர்களின் ஆயிரம் சொல்லை அப்படியே எடுக்காதீர்கள். அவர்களுக்கு ‘had to go’ என்று மூன்று சொல்லாவது நமக்குப் ‘போகவேண்டியிருந்தது’ என்று ஒரே சொல். முந்நூறில் தொடங்கி, தினமும் அதே நேரத்துக்கு உட்காருங்கள். அப்புறம் எதில் எழுதினாலும் சரி.