சேர்வராயன் கோயில்: ஏற்காடு போனால் முதலில் இங்கே போங்கள்

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரியில் படகு, சூடாக மிளகாய் பஜ்ஜி, லேடீஸ் சீட் காட்சிமுனை என்று முடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். ஊரைத் தாண்டி 5326 அடி உயரத்தில் இருக்கிற சேர்வராயன் கோயிலை 'நேரம் இருந்தால் பார்க்கலாம்' என்று கடைசிக்குத் தள்ளுகிறார்கள். என்னைக் கேட்டால் காலையில் முதல் வேலையாக அங்கேதான் போக வேண்டும்.

மேலே கூர்மையான உச்சி எல்லாம் இல்லை. பரந்த மேட்டு நிலம், பாக்சைட் என்கிற அலுமினியத் தாது கலந்த செம்மண், ஆளைத் தள்ளுகிற காற்று. கோபுரத்தைத் தேடாதீர்கள், கோயிலே ஒரு குகைதான். குனிந்து, ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போக முடியும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். இந்தக் குகை காவிரி பிறக்கிற தலைக்காவிரி வரை போகிறது என்று மலையில் நம்புகிறார்கள்.

எங்கள் அம்மா அந்த நம்பிக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சரக்குக் கப்பல் இன்ஜின் ரூமில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க, சேலத்தில் அத்தனை கோயில் இருக்க, இங்கேதான் வந்து வேண்டிக்கொள்வார். "காவேரி கடைசியா கடலுக்குத்தானேடா போறா? அப்படியே உன்னையும் பாத்துக்குவா" என்பார். சாமி விஷயத்தில் நான் அரைகுறைதான். ஆனாலும் இந்தக் கணக்குக்கு மறுப்புச் சொல்ல வரவில்லை.

பிரான்சில் லே ஹாவ்ர் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, பக்கத்தில் எத்ரதா என்ற ஊருக்குப் போனேன். கடலுக்கு மேலே வெள்ளைப் பாறை விளிம்பில் மீனவர்களின் மாதா கோயில். இரண்டாம் உலகப் போரில் இடிபட்டு, அப்புறம் திரும்பக் கட்டியது. அருகிலேயே இரண்டு விமானிகளுக்கு நினைவுச்சின்னம். 1927இல் பாரிஸிலிருந்து நியூயார்க்குக்குப் பறந்தவர்கள், அந்தக் கரையைத் தாண்டியபின் திரும்பவே இல்லை. அம்மாவிடம் போனில் சொன்னேன். "சரி, நல்லா கும்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

குறை என்றால் கூட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை குகைக்குள் செல்ஃபி எடுக்கிறவர்கள் பின்னால் நிற்பவர்களை நினைப்பதே இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் குனிந்து நடப்பது சிரமம், வெளியிலேயே கும்பிட்டுக்கொள்ளலாம். மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் எல்லாம் திரண்டு வரும். அன்றைக்கு நிதானமான தரிசனம் கிடைக்காது, திருவிழாவைப் பார்க்கத்தான் போக வேண்டும். வெயில் காலமானாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது சேலம் அஸ்தம்பட்டிக்குப் போகிற பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி முட்டி நின்றால், குப்பனூர் வழியைப் பிடியுங்கள்.