பிக்கப்பின் முன்பக்கத்தைத் தூக்கப் போகிறீர்களா? 2 இன்ச் உயரம் வேறு, 2 இன்ச் ஸ்பேசர் வேறு

அமெரிக்காவில் பிக்கப் வைத்திருக்கும் நம்மவர்கள் கவனத்துக்கு. "லெவலிங் பேக்கேஜ்" (தாழ்ந்த முன்பக்கத்தை உயர்த்திச் சமமாக்கும் வேலை) என்ற பெயரில் ஒரு டயர் கடை செய்துகொடுத்த வேலையைப் பற்றியது இந்தப் பதிவு. கடையின் பெயரைப் போடவில்லை. இதே வேலையை இதே லட்சணத்தில் செய்யும் இடங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. என்ன செய்தார்கள், எங்கே ஏமாற்றினார்கள் என்று தெரிந்துகொண்டால்தான் நாளை உங்கள் வண்டியைக் காப்பாற்ற முடியும்.

வண்டி மூன்றாம் தலைமுறை டொயோட்டா டக்கோமா, ஃபோர் வீல் டிரைவ். பில்லில் இருந்தது: 2 இன்ச் லெவலிங் கிட், நான்கு சக்கர அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது). வெளியே வந்தபோது வண்டி சமமாக நிற்கவில்லை, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஹைவேயில் இடதுபக்கம் இழுத்தது. வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்ப மறுத்தது. கேட்டதற்குக் கடையில் கிடைத்த பதில்: "ஸ்பிரிங் செட் ஆகணும், 500 மைல் ஓட்டிப் பாருங்க." இது பச்சைப் பொய். ஸ்பிரிங்கை யாருமே மாற்றவில்லை. பழைய ஸ்பிரிங், பழைய ஷாக், மேலே ஸ்பேசர் என்ற ஓர் அலுமினிய வட்டு, அவ்வளவுதான். அலுமினியத்தில் செட் ஆவதற்கு என்ன இருக்கிறது?

பிக்கப்பின் முன்பக்கம் கம்பெனியிலிருந்தே தாழ்ந்து வருவதற்குக் காரணம் உண்டு. பின்னால் பாரம் ஏற்றினாலோ டிரெய்லர் மாட்டினாலோ பின்பக்கம் அமுங்கி வண்டி சமநிலைக்கு வரவேண்டும். பாரமே ஏற்றாதவர்கள் பார்வைக்காகவோ பெரிய டயருக்காகவோ முன்பக்கத்தைத் தூக்குவதில் தவறில்லை. எவ்வளவு, எப்படி என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

டக்கோமாவில் ஸ்ட்ரட் (ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்தது) சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது, சக்கரமோ ஆர்மின் நுனியில். அதனால் ஸ்ட்ரட்டை மேலிருந்து 1 இன்ச் கீழே தள்ளினால் சக்கரம் ஏறத்தாழ 2 இன்ச் இறங்கும். கால் இன்ச் ஸ்பேசர் வைத்தால் அரை இன்ச் உயரும். 2 இன்ச் தூக்க வேண்டுமென்றால் ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கவேண்டிய வட்டு சுமார் 1 இன்ச் கனம்தான். இந்த வண்டியில் இருந்ததோ 2 இன்ச் கனம். ஏறியது கிட்டத்தட்ட 4 இன்ச். "2 இன்ச்" என்று கேட்டதற்கு 2 இன்ச் கனத்தில் ஒரு பொருளை எடுத்து மாட்டிவிட்டார்கள். வேலைக்கு முன்னும் பின்னும் வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்திருந்தால் கடையிலேயே பிடிபட்டிருக்கும். தரையிலிருந்து அளக்காதீர்கள். டயர் காற்று, டயர் சைஸ் எல்லாம் அந்தக் கணக்கில் கலந்துவிடும்.

அளவுக்கு மீறித் தூக்கினால் என்ன ஆகும் என்பது வீல் ஆர்ச்சுக்குள் டார்ச் அடித்தால் தெரியும். இந்த வண்டியில் ஸ்பிரிங் சுருளின் வெளிப்பக்கம் விரல் அகலத்துக்குப் பெயின்ட் போய், இரும்பு பளபளத்தது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போதெல்லாம் மேல் ஆர்ம் இறங்கி ஸ்பிரிங்கில் இடித்திருக்கிறது. ஆர்மை நிறுத்தவேண்டியது ஸ்ட்ரட்டின் நீளம். ஸ்பேசரால் அந்த எல்லை கீழே போய்விட்டதால் அடியை மேல் பால் ஜாயின்ட்டும் (மேல் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) ஸ்பிரிங்கும் வாங்குகின்றன. எதிர்த்திசையிலும் ஆபத்துதான். பள்ளத்தில் இறங்கும்போது ரப்பர் பம்ப் ஸ்டாப் தாங்குவதற்கு முன்பே ஷாக் உள்ளே முட்டிவிடும். டிரைவ் ஷாஃப்டின் சிவி பூட் (மூட்டில் கிரீஸைக் காக்கும் ரப்பர் உறை) மடிப்புகள் ஒன்றோடொன்று உரசும் கோணத்துக்குப் போயிருந்தன. அது கிழிந்தால் முதலில் ரிம்மின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும், பிறகு திருப்பும்போது டக் டக் என்று சத்தம் வரும். மேல் பால் ஜாயின்ட்டின் காசில் நட்டில் அது கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னே இல்லை. சுத்தியலால் தட்டிக் கழற்றி, திரும்ப முறுக்கி, பின்னை மறந்துவிட்டார்கள். இதை வெறும் கவனக்குறைவு என்று விடமுடியாது. அந்த நட் கழன்றால் சக்கரம் சாய்ந்துவிடும்.

இனி அலைன்மென்ட். பெரிய மோசடி இங்கேதான்.

முன்பக்கம் உயர்ந்தால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்-பின் சாய்வு), கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்வது), டோ (சக்கரத்தின் முன் விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது) மூன்றுமே மாறும். பெரும்பாலும் குறைவது காஸ்டர். அது குறைந்தால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது, வேகத்தில் வண்டி அலையும். இரு பக்கக் காஸ்டரும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசப்பட்டால் குறைவாக உள்ள பக்கம் இழுக்கும். கேம்பர் வித்தியாசம் என்றால் பாசிட்டிவ் (மேல்பகுதி வெளியே சாய்வது) அதிகமுள்ள பக்கம் இழுக்கும். டோ கெட்டால் டயர் போகும். ஒவ்வொரு சக்கரமும் அரை டிகிரி திரும்பியிருந்தால் ஒரு மைல் ஓடுவதற்குள் அந்த டயர் சுமார் 46 அடி பக்கவாட்டில் தேய்கிறது. டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் போகும்போது வழுவழுப்பாகவும் திரும்பி வரும்போது ரம்பம்போலவும் இருந்தால் டோ கெட்டுவிட்டது. உள் விளிம்போ வெளி விளிம்போ மட்டும் மொட்டையானால் முதலில் கேம்பரைச் சந்தேகியுங்கள்.

காஸ்டரையும் கேம்பரையும் முதலில் சரிசெய்து, டோவைக் கடைசியில் வைக்கவேண்டும். முதல் இரண்டைத் தொட்டாலே டோ மாறிவிடும். டக்கோமாவில் இவற்றுக்காகக் கீழ் ஆர்மில் முன்னும் பின்னும் கேம் போல்ட்கள் (திருப்பினால் ஆர்மை நகர்த்தும் போல்ட்கள்) இருக்கின்றன. ஒன்றைத் திருப்பினால் மற்ற அளவும் நகரும், பொறுமை வேண்டும். குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடும் மாநிலங்களில் இந்த போல்ட் புஷ்ஷுக்குள்ளேயே (ஆர்மின் ரப்பர் மூட்டு) துருப்பிடித்து இறுகிவிடும், அறுத்துத்தான் எடுக்கவேண்டும். அதனால் பல கடைகள் டோவை மாற்றும் டை ராடை மட்டும் திருப்பி, டோவைப் பச்சைக்கு (மெஷினில் சரியான அளவின் நிறம்) கொண்டுவந்து அனுப்பிவிடுகின்றன. மெக்கானிக்குகள் இதை "டோ அண்ட் கோ" என்பார்கள்.

கண்டுபிடிப்பது எளிது. அலைன்மென்ட் பிரின்ட்டில் வேலைக்கு முந்தைய அளவும் பிந்தைய அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இந்த வண்டியின் தாளில் காஸ்டர் இடது 0.9, வலது 1.9. இரண்டு பத்தியிலும் புள்ளி மாறாமல் அதே எண், சிவப்பில். டோ மட்டும் பச்சை. கேம் போல்ட்டைத் தொடவே இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். போல்ட் தலையைச் சுற்றிய துரு வளையமும் கலையாமல் இருந்தது. ஒரு டிகிரி வித்தியாசம், இழுத்தது இடதுபக்கம். கணக்கு நேராகப் பொருந்துகிறது. நான்கு சக்கர அலைன்மென்ட் என்று வாங்கிய கூடுதல் காசும் கேள்விக்குரியது. லீஃப் ஸ்பிரிங்கில் நிற்கும் ஒற்றைப் பின் ஆக்சிலில் வழக்கமாகத் திருப்ப எதுவும் கிடையாது. பின்சக்கரங்களையும் அளப்பது நல்லதுதான், ஆனால் அளப்பது வேறு, சரிசெய்வது வேறு.

கேம் போல்ட்டைத் தொடாததால் இன்னொரு கேடும் சேர்ந்தது. ஆர்ம் புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியே இருக்கும். சுழலாது, முறுக்கிக்கொள்ளும். உயரத்தை மாற்றினால் போல்ட்களைத் தளர்த்தி, வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது இறுக்கவேண்டும். ஜாக்கியில் தொங்கவிட்டு இறுக்கினாலோ, தளர்த்தாமலே விட்டாலோ ரப்பர் எந்நேரமும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

வேலை கொடுக்குமுன் எழுத்தில் கேளுங்கள்: ஸ்பேசரின் கனம் எவ்வளவு, வண்டி ஏறும் உயரம் எவ்வளவு, ஸ்ட்ரட்டுக்கு மேலா ஸ்பிரிங்குக்கும் மேல்தட்டுக்கும் நடுவிலா. நடுவில் வைப்பது ஸ்பிரிங்கை அழுத்தி உயர்த்துவது. தொங்கும் எல்லை மாறாது, ஓட்டம் கடினமாகும். கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் ஸ்பிரிங் தட்டை மேலேற்றும் வசதியுள்ள பில்ஸ்டீன் 5100 மாதிரியான ஸ்ட்ரட்டே மேல். ஆனால் அதன் தலையிலும் ஒரு ஸ்பேசரை அடுக்க விடாதீர்கள். கேம் முழுக்கத் திருப்பியும் காஸ்டர் வரவில்லை என்றால் அதற்கென்றே செய்த மேல் ஆர்ம் மாற்றவேண்டியிருக்கும். அந்தச் செலவை முதலிலேயே சொல்லாத கடை வேண்டாம்.

வண்டியை எடுக்கும்போது ஸ்டியரிங்கை முழுக்க இரு பக்கமும் திருப்பி, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடுகிறதா, டயர் உரசுகிறதா பாருங்கள். ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரை ரீசெட் செய்தார்களா, முன் கேமரா காலிபரேஷன் தேவையா என்று கேளுங்கள். ஹெட்லைட் நிச்சயம் மேலே ஏறியிருக்கும். சமதரையில் 25 அடி தள்ளிச் சுவரில் அடித்து இறக்குங்கள், எதிரே வருபவர் கண் கூசக்கூடாது. 500 மைலில் நட்களை டார்க் ரெஞ்சால் மறுபடி பார்க்கவேண்டும்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் பிரின்ட், பில், ஸ்பேசர் கனத்தின் போட்டோ மூன்றையும் வைத்துக்கொண்டு, வேறொரு கடையில் அலைன்மென்ட் அளவை மட்டும் எடுத்துப் பிரின்ட் வாங்குங்கள். கலிஃபோர்னியாவில் மாநில அரசின் பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேரில் புகார் கொடுக்கலாம். எழுத்தில் எஸ்டிமேட் தருவது அங்கே கடையின் சட்டக் கடமை. டெக்சாஸில் 20,000 டாலர் வரையிலான வழக்கை ஜஸ்டிஸ் கோர்ட்டில் போடலாம். லெவலிங் கிட் மாட்டியதால் மொத்த வாரன்ட்டியும் போச்சு என்று டீலர் சொன்னால் நம்பாதீர்கள். 1975ஆம் ஆண்டின் மாக்னசன்-மாஸ் வாரன்ட்டி சட்டப்படி, அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று அவர்கள் காட்டவேண்டும். ஆனால் 4 இன்ச் தூக்கிய வண்டியில் சிவி பூட் கிழிந்தால் அதைக் காட்டுவது அவர்களுக்குச் சிரமமே இல்லை. அதனால் பூட் கிழிவதற்கு முன்பே அந்த ஸ்பேசரைக் கழற்றிவிடுங்கள்.