ஏபிஐ நைட்ரேட் டெஸ்ட் கிட்: இரண்டாம் பாட்டிலில்தான் விஷயம்

சின்ன மீன் தொட்டியில் மீன் கழிவாலும் மிச்சத் தீனியாலும் சேரும் நைட்ரேட்டை அளக்க, நனைத்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப்பை விட ஏபிஐ கம்பெனியின் இந்தச் சொட்டு கிட் எவ்வளவோ மேல். ஆனால் அவசரக்காரர்களுக்கு ஆகாது.

டியூபில் 5 மி.லி. தொட்டித் தண்ணீர், முதல் பாட்டிலில் 10 சொட்டு. மூடிக் கவிழ்த்துக் கலக்கவும். இரண்டாம் பாட்டிலை 30 விநாடியாவது பலமாகக் குலுக்கிய பிறகே அதில் 10 சொட்டு. மறுபடி டியூபை ஒரு நிமிடம் குலுக்கி, 5 நிமிடம் கழித்து நிறம் பார்க்கவும். இரண்டாம் பாட்டிலின் மருந்து அடியில் படிந்துவிடும். சரியாகக் குலுக்காவிட்டால் நைட்ரேட் 40 பிபிஎம் (லிட்டருக்கு 40 மி.கி.) இருக்கும் தண்ணீரும் மஞ்சளாக, 5 பிபிஎம் போலக் காட்டும். "என் தொட்டியில் நைட்ரேட்டே இல்லை" என்பவர்களில் பலர் இந்த ரகம்.

பெரிய குறை, 40-க்கும் 80-க்கும் சிவப்பில் வித்தியாசமே தெரியாது. அப்படிச் சிவந்தால், 1 மி.லி. தொட்டித் தண்ணீரோடு 4 மி.லி. டிஸ்டில்டு வாட்டர் சேர்த்துச் சோதித்து, வந்ததை 5-ஆல் பெருக்குங்கள். பகல் வெளிச்சத்தில், வெள்ளை அட்டையில் வைத்துப் பார்ப்பது நல்லது.

போர் தண்ணீரையும் ஒருமுறை சோதியுங்கள். அதிலேயே 20 இருந்தால், எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் 20-க்குக் கீழே இறங்காது. நைட்ரேட்டை உறிஞ்ச மணி பிளான்ட் வேரைத் தொட்டியில் விடுவது, தீனியைக் குறைப்பது என்றுதான் போக வேண்டும்.