பழைய காரை அப்படியே கொடுப்பதா, விற்றுப் பணமாகக் கொடுப்பதா?

டிசம்பர் வந்துவிட்டால் இங்கே நியூ ஜெர்சியில் வானொலியைத் திறந்தாலே அந்த அழைப்புதான். பழைய காரைக் கொடுங்கள், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம், 31-ஆம் தேதிக்குள் கொடுத்தால் இந்த வருட வரியில் கழித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இரண்டு முறை இந்த முடிவை எடுக்க வேண்டி வந்தது. 2019 டிசம்பரில் ஒரு 2004 கேம்ரியை அப்படியே ஒரு அமைப்புக்குக் கொடுத்தேன். 2025 டிசம்பரில் 2008 அக்கார்டை நானே விற்று, வந்த பணத்தை நன்கொடையாகக் கொடுத்தேன். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கார் ஓடுகிற நிலையில் இருந்தால், விற்றுப் பணமாகக் கொடுப்பதே நல்லது. கொடுப்பவருக்கும் நல்லது, வாங்குகிற அமைப்புக்கும் நல்லது.

அப்படியே கொடுப்பதில் உள்ள வசதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு போன் போதும். டோ டிரக் வாசலுக்கு வரும், டைட்டிலில், அதாவது காரின் உரிமைப் பத்திரத்தில், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். விளம்பரம் போட வேண்டாம், முகம் தெரியாதவர்களோடு பேரம் பேச வேண்டாம். குளிரில், பிள்ளைகளின் விடுமுறைக்கும் ஊர்ப் பயணத்துக்கும் நடுவே, அது பெரிய நிம்மதி. 2019-இல் நான் அந்த நிம்மதிக்காகத்தான் கொடுத்தேன்.

பிப்ரவரியில் அந்த அமைப்பிடமிருந்து 1098-சி என்ற வரிப் படிவம் தபாலில் வந்தது. அதில் 4சி என்று ஒரு கட்டம் உண்டு. அமைப்பு அந்தக் காரை என்ன விலைக்கு விற்றது என்பதை அங்கே எழுதுவார்கள். என் படிவத்தில் 700 டாலர் என்று இருந்தது. அந்தக் கேம்ரியை நேரடியாக ஒருவருக்கு விற்றால் 2,500 டாலர் வரை கிடைக்கும் என்று விலைப்பட்டியல் பார்த்து வைத்திருந்தேன். வரிக் கணக்கிலும் வருமானத்திலிருந்து 2,500 கழிக்கலாம் என்று நம்பியிருந்தேன். அப்படிச் செய்ய முடியாது.

காரைக் கொடுப்பதா விற்பதா என்ற முடிவு அந்த 4சி கட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்பு அமெரிக்காவில் காரைக் கொடுப்பவர் அதன் சந்தை மதிப்பை அவரே கணித்து வரியில் கழித்துக்கொள்ளலாம். 2000-ஆம் ஆண்டு வரிக் கணக்கில் மட்டும் சுமார் 7,33,000 பேர் இப்படிக் கழித்தார்கள். அதனால் அரசுக்கு வராமல் போன வரி ஏறத்தாழ 65.4 கோடி டாலர். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தணிக்கை அமைப்பு ஜிஏஓ 2003-இல் 54 கார்களை எடுத்து, கடைசியில் அறநிறுவனத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பார்த்தது. கொடுத்தவர்கள் கழித்த தொகையில் 5 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் மூன்றில் இரண்டு பங்கு கார்களில் போய்ச் சேர்ந்திருந்தது. 4,000 டாலர் கார் என்று ஒருவர் வரியில் எழுதியிருந்தால், அந்த அமைப்பின் கைக்கு அதிகபட்சம் 200 டாலர் வந்திருக்கும். மீதியெல்லாம் மொத்த ஏலத்தின் குறைந்த விலையிலும், இழுவைக் கூலியிலும், விளம்பரச் செலவிலும், இடையில் இருந்து நடத்திக் கொடுக்கும் நிறுவனத்தின் பங்கிலும் கரைந்து போயிருந்தது.

2004-இல் சட்டத்தை மாற்றினார்கள். 2005 ஜனவரி 1 முதல், 500 டாலருக்கு மேல் கழிக்க வேண்டுமானால், அமைப்பு அந்தக் காரை விற்ற தொகைதான் உங்கள் உச்சவரம்பு. நீங்கள் எவ்வளவு நன்றாகப் பராமரித்திருந்தாலும், புது டயர் போட்டிருந்தாலும், ஏலத்தில் யாரோ ஒரு டீலர் கேட்ட விலைதான் கணக்கு. 500 டாலருக்கோ அதற்குக் குறைவாகவோ விற்றால் மட்டும் ஒரு சிறு சலுகை உண்டு. சந்தை மதிப்பை, 500 டாலருக்கு மிகாமல், கழித்துக்கொள்ளலாம்.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது வரி அல்ல. அந்த 700 டாலர் ஏலத்தில் விழுந்த முழுத் தொகை. அதிலிருந்துதான் கூலியும் கமிஷனும் போயிருக்கும். யாருக்கு உதவ வேண்டும் என்று நினைத்துக் கொடுத்தேனோ அவர்களுக்குச் சேர்ந்தது அதைவிடக் குறைவு. நான் இரண்டு சனிக்கிழமை ஒதுக்கியிருந்தால் அதே காரிலிருந்து மூன்று மடங்கு பணம் அவர்களுக்குப் போயிருக்கும்.

சரி, அக்கார்டு கதைக்கு வருகிறேன். 1,68,000 மைல் ஓடிய வண்டி, என்ஜின் நன்றாக இருந்தது, ஏசி மட்டும் சுமார். நவம்பர் கடைசியில் 3,800 டாலர் என்று விளம்பரம் போட்டேன். மூன்று பேர் வந்து பார்த்தார்கள். கடைசியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு தமிழ்ப் பையன் தன் நண்பனோடு வந்தான். மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினான், திரும்பி வந்து, “அண்ணா, 3,200-க்குக் குடுங்களேன்” என்றான். 3,400-இல் முடிந்தது. வங்கியிலேயே சந்தித்து, அவன் கணக்கிலிருந்து காசாளர் காசோலை வாங்கிக்கொண்டு, அங்கேயே டைட்டிலின் பின்பக்கத்தை நிரப்பிக் கொடுத்தேன். நியூ ஜெர்சியில் இதற்கு நோட்டரி தேவையில்லை. பக்கத்து பென்சில்வேனியாவில் தேவை. வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்றதால் இதற்கு வருமான வரி எதுவும் கிடையாது.

டிசம்பர் 30 அன்று எங்கள் பகுதி உணவு வங்கிக்கு 2,400 டாலரும், பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளிக்கு 1,000 டாலரும் கொடுத்தேன். தமிழ்ப் பள்ளிக்குக் காரைக் கொடுத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? தன்னார்வலர்கள் நடத்தும் சிறிய அமைப்புகளால் காரை வாங்கி விற்க முடியாது, பணத்தை எல்லாராலும் வாங்க முடியும். (பிள்ளைகளுக்குக் கட்டும் பள்ளிக் கட்டணம் நன்கொடை ஆகாது, இது தனியாகக் கொடுத்தது.) இன்னொன்று, என் அலுவலகம் பண நன்கொடைக்கு ஈடாக அதே தொகையைத் தானும் கொடுக்கும். உணவு வங்கிக்கு அப்படி இன்னும் 2,400 போனது. காருக்கு அந்தத் திட்டம் பொருந்தாது.

இப்போது வரிக் கணக்கு. கொடுத்ததைத் தனியாகப் பட்டியல் போட்டு, அதாவது ஐடெமைஸ் செய்து கழித்தால்தான் கார் நன்கொடைக்கு வரியில் பலன் உண்டு. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (பட்டியல் போடாமல் எல்லாரும் எடுக்கக்கூடிய நிலையான கழிவு) எடுப்பவருக்கு ஒரு டாலரும் குறையாது. 2019-இல் தம்பதிக்கு அது 24,400 டாலராக இருந்தது. எங்கள் பட்டியல் அதைத் தொடவே இல்லை. ஆக அந்த 700 டாலரும் வரியில் எனக்கு உதவவில்லை. விளம்பரத்தில் யாரும் இதை முன்னால் வைத்துச் சொல்வதில்லை.

2025-இல் நிலைமை மாறியது. மாநில வரி, சொத்து வரிக் கழிவுக்கு இருந்த 10,000 டாலர் உச்சவரம்பை 40,000 ஆக்கினார்கள். நியூ ஜெர்சியில் வீடு வைத்திருக்கிற நிறையப் பேர் மறுபடி ஐடெமைஸ் செய்ய ஆரம்பித்தது இதனால்தான். எங்களுக்குச் சொத்து வரி, மாநில வரி, வீட்டுக் கடன் வட்டி எல்லாம் சேர்த்து 30,400 வந்தது. அந்த ஆண்டின் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 31,500. அக்கார்டை ஏலத்துக்கு விட்டிருந்தால் 1,100 போயிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். கேம்ரி அனுபவத்தை வைத்து நானாகப் போட்ட மதிப்பு அது, கொஞ்சம் கூடலாம், குறையலாம். 30,400-உடன் 1,100 சேர்த்தால் சரியாக 31,500. வரியில் பலன் பூஜ்யம். பணமாக 3,400 கொடுத்ததால் 33,800 ஆனது. கூடுதலாக 2,300 கழிந்தது. எங்கள் 22 சதவீத விகிதத்தில் 506 டாலர் மிச்சம். நியூ ஜெர்சி மாநில வருமான வரியில் நன்கொடைக்குக் கழிவு இல்லை என்பதால் பலன் மத்திய வரியில் மட்டும்தான்.

2026 முதல் பணமாகக் கொடுப்பதன் பக்கம் தராசு இன்னும் சாய்கிறது. ஐடெமைஸ் செய்யாதவர்களும் பண நன்கொடையில் தனிநபருக்கு 1,000, தம்பதிக்கு 2,000 டாலர் வரை கழிக்கலாம். பணத்துக்கு மட்டும்தான் இது, காருக்குக் கிடையாது. அதாவது வாடகை வீட்டில் இருந்து ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்கும் குடும்பம் காரைக் கொடுத்தால் வரியில் ஒன்றும் இல்லை, விற்று 2,000 டாலரைக் கொடுத்தால் 22 சதவீத விகிதத்தில் 440 டாலர். ஐடெமைஸ் செய்பவர்களுக்கு ஒரு புதிய வாசற்படியும் வந்திருக்கிறது. வருமானத்தில் முதல் 0.5 சதவீதம் வரை கொடுத்த நன்கொடை கணக்கில் வராது. 1,80,000 டாலர் வருமானம் என்றால் முதல் 900 டாலர் போய்விடும். வேறு நன்கொடை இல்லையென்றால், 700, 800-க்கு ஏலம் போகும் கார் அந்தப் படியைத் தாண்டவே தாண்டாது.

டீலரிடம் மாற்றிக்கொள்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதுக் கார் வாங்கும் இடத்திலேயே பழையதைக் கொடுத்தால் நியூ ஜெர்சியில் அந்தத் தொகைக்கு 6.625 சதவீத விற்பனை வரி மிச்சம். எனக்கு 1,200 தருவதாகச் சொன்னார்கள், மிச்சமாகும் வரி 80 டாலர். கலிஃபோர்னியாவில் அதுவும் கிடையாது. பழைய கார்களை வாங்கி விற்கும் கார்மேக்ஸ் போன்ற இடங்களில் சொல்கிற விலை 7 நாள் செல்லும், தெரிந்து வைத்துக்கொண்டால் பேரத்துக்கு உதவும். வயதான காருக்கு இரண்டுமே குறைவுதான். ஆனால் நேரமே இல்லாதவர்கள் அந்தக் காசை வாங்கி அப்படியே நன்கொடையாகக் கொடுத்தாலும், ஏலத்துக்கு விடுவதைவிட மோசமாகாது.

அப்படியானால் காரையே கொடுப்பது எப்போது சரி? கார் ஓடாமல் நின்றுவிட்டால் கொடுக்கலாம். டிரான்ஸ்மிஷன் போன வண்டியை விற்க அலைவதைவிட, இலவசமாக இழுத்துச் செல்பவர்களிடம் கொடுப்பது நல்லது. ஐடெமைஸ் செய்பவராக இருந்தால் அந்த 500 டாலர் சலுகையும் இங்கே பொருந்தக்கூடும். முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், முகம் தெரியாதவர்களை வாசலுக்கு வரவழைக்க விருப்பமில்லை என்றாலும் கொடுக்கலாம். அது முழுக்க நியாயமான காரணம்.

இன்னொரு வழி உண்டு, அதன் மேல் எனக்கு உண்மையான மரியாதை இருக்கிறது. சில அமைப்புகள் காரை ஏலம் விடாமல், பழுது பார்த்து, வேலைக்குப் போக வண்டி இல்லாத குடும்பத்துக்கு மிகக் குறைந்த விலையில் கொடுக்கின்றன. மேரிலாந்தில் இருக்கும் வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச் அப்படிப்பட்டது. உங்கள் கார் அப்படி ஒரு குடும்பத்துக்குப் போனால் 1098-சி படிவத்தில் 5பி கட்டத்தில் குறி இருக்கும். அப்போது விற்ற விலை வரம்பு கிடையாது, சந்தை மதிப்பையே கழிக்கலாம். அந்த மதிப்பு 5,000 டாலரைத் தாண்டினால் மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுத்த மதிப்பீடு வேண்டும். இந்த வழியில் நான் போனதில்லை, அதனால் இதை அனுபவமாகச் சொல்ல முடியாது. ஆனால் நல்ல நிலையில் உள்ள காரை இப்படி ஒரு அமைப்பு குடும்பத்துக்கே கொடுக்குமானால், நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறிவிடும். கொடுப்பதற்கு முன் போனில் ஒரே கேள்வி கேளுங்கள்: என் கார் ஏலத்துக்குப் போகுமா, ஒரு குடும்பத்துக்குப் போகுமா?

எந்த வழியானாலும், டிசம்பர் 31-ஆம் தேதிக்குள் காரோ பணமோ உங்கள் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். காரைக் கொடுப்பவர்கள் அன்றைக்குள் ஒப்படைத்துவிட்டால் போதும், ஏலம் ஜனவரியில் நடந்தாலும் இந்த ஆண்டுக் கணக்கில்தான் வரும். விற்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் 1098-சி வர வேண்டும், வரிக் கணக்கோடு அதை இணைக்க வேண்டும். பணமாகக் கொடுப்பவர்கள் கிரெடிட் கார்டில் அன்றிரவு வரை கொடுக்கலாம், காசோலை என்றால் அன்றைக்குள் தபாலில் சேர்த்திருக்க வேண்டும். 250 டாலர் முதல் எழுத்து மூலமான ரசீது அவசியம்.

நியூ ஜெர்சிக்காரர்கள் நம்பர் பிளேட்டைக் கழற்றி மோட்டார் வாகன அலுவலகத்தில் ஒப்படைத்து, ரசீது வாங்கிய பிறகே காப்பீட்டை நிறுத்துங்கள். அப்புறம் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், சுங்கக் கட்டணம் கட்டும் ஈசி-பாஸ் கருவியையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.