பூட்டி வைத்ததும் போட்டுத் தேய்த்ததும்: அம்மாவின் நகைகளோடு என் அனுபவம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அம்மா விட்டுப்போன நகைகளில் நான் தினமும் போடுகிறவை இன்றும் நன்றாக இருக்கின்றன. பத்திரமாக இருக்கட்டும் என்று பூட்டி வைத்ததுதான் கெட்டுப்போனது. அம்மாவின் நகையை எடுத்துப் போடலாமா, லாக்கரில் வைக்கலாமா, அழித்துப் புதிதாகச் செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அம்மா 2017இல் தவறினார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தவர். வரும்போது போட்டுக்கொண்டு வந்தவை பாதி, பிறகு சீட்டுப் பணத்தில் சிராங்கூன் சாலையில் வாங்கியவை பாதி. உயில் எழுதவில்லை. அப்படிப் போனால் இங்குள்ள சட்டப்படி கணவருக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. அப்பா தன் பங்கைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், "நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க" என்று டப்பாவை என் கையிலும் தங்கை கையிலும் கொடுத்துவிட்டார். தாலியை மட்டும் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. வீரமாகாளியம்மன் கோயில் உண்டியலில் சேர்த்தோம்.

எனக்கு வந்தவை: முகப்பு வைத்த முறுக்குச் சங்கிலி, ஏழு கல் வைரத்தோடு, கெம்புக்கல் அட்டிகை, ஒரு மோதிரம், ஒரு ஜோடி வளையல். நான் பல் மருந்தகத்தில் உதவியாளராக இருக்கிறேன். கையுறை போடும் வேலை, அடிக்கடி கை கழுவும் வேலை. அதனால் எதை எங்கே போடலாம் என்பதைப் பாதி என் வேலையே தீர்மானித்துவிட்டது.

சங்கிலிதான் அதிகம் உழைத்தது. சீருடைக்கு உள்ளே கிடக்கிறது, யாருக்கும் தெரியாது. எம்ஆர்டி ரயிலில் நசுங்கி, வெயிலில் வேர்த்து, இரவில் கழற்றாமலே தூங்கியும் முறுக்கு அப்படியே இருக்கிறது. இப்போது கடைகளில் பார்க்கும் மெல்லிய சங்கிலிகள் பார்வைக்குப் பெரிதாகத் தெரியும், கையில் எடுத்தால் எடையே இருக்காது. அம்மாவுடையது அப்படியல்ல. ஆனால் சங்கிலி முதலில் தேய்வது எஸ் கொக்கி மாட்டும் வளையத்தில்தான். கொக்கியும் வளையமும் நாள் முழுக்க உரசி உரசி, வளையத்தின் உள்பக்கம் நூல் மாதிரி மெலிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, விரலில் சுற்றித் திருப்பிப் பார்க்க வேண்டும். முகப்பு சேரும் இரண்டு இடங்களும் அதே கதைதான். தேக்காவில், அதாவது சிராங்கூன் சாலை லிட்டில் இந்தியா பக்கம், எனக்குத் தெரிந்த பத்தர் ஒருவர் இருக்கிறார். வளையத்தை மாற்றிப் பற்றவைக்க அவரிடம் கொடுத்தால், கண்ணில் கண்ணாடியைச் செருகிக்கொண்டு முதலில் பார்ப்பதே அந்த மூன்று இடங்களைத்தான். "சங்கிலி அறுந்துச்சுன்னு யாரும் வர்றதில்லம்மா, காணோம்னுதான் வர்றாங்க" என்பார். தீபாவளிக்கு முன்னால் கூட்டம் அதிகம் என்பதால் நான் பொங்கல் முடிந்ததும் கொண்டுபோய்க் காட்டிவிடுவேன்.

அடுத்தது தோடு. இதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

பெரியம்மா இதை "அசல் ப்ளூ ஜாகர்" என்பார். அந்தப் பெயர் தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்திலிருந்து வந்தது. சுரங்கத்தை 1971லேயே மூடிவிட்டார்கள். அம்மா தோடு வாங்கியது எண்பதுகளில். அதற்காகப் பெரியம்மாவிடம் வாதாடப் போவதில்லை. கல் நன்றாக இருக்கிறது, எனக்கு அது போதும். வைரத்தைப் போடுவதற்கு முன் சில நாள் சாமி அறையில் வைத்துப் பார், ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடு என்றும் சொன்னார். வைத்தேன். வீட்டில் எல்லோருக்கும் சளி பிடித்தது. அது வைரத்தின் வேலை இல்லை, பிள்ளைகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்தது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டுப் போட்டுக்கொண்டேன்.

தினமும் போட்டால் வைரம் மங்கும். அது கல்லின் குறையில்லை. வைரத்துக்கு எண்ணெய்ப் பசை என்றால் அவ்வளவு ஆசை. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் கிரீஸ் தடவிய மேசை மேல் தண்ணீரோடு கற்களை ஓடவிட்டே வைரத்தைப் பிரித்தார்கள். மற்றவை ஓடிவிடும், வைரம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். நம் காதில் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய், முகத்துக்குத் தடவும் கிரீம், இந்த ஊர் வேர்வை என்று எல்லாம் சேர்ந்து கல்லின் பின்பக்கம் படிந்துவிடும். என் தோடு பின்பக்கம் திறந்த கட்டு. அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நுரை வந்ததும் தோட்டைப் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் பின்பக்கமிருந்து தேய்ப்பேன். அம்மா செய்தது அதுதான், தேக்காவில் பூந்திக்கொட்டை இன்னும் கிடைக்கிறது. கழுவி முடித்து ஜன்னல் பக்கம் பிடித்தால் ஏழு கல்லும் ஒன்றாகப் பளிச்சென்று அடிக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே சில சமயம் தேவைக்கு முன்பே கழுவுகிறேன். ஒரு எச்சரிக்கை: வாஷ் பேசினுக்கு மேலே வேண்டாம், கிண்ணத்தில் செய்யுங்கள்.

பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பற்பசையில் அரைக்கும் துகள் இருக்கிறது. பல்லின் எனாமல் அதைத் தாங்கும், 22 காரட் தங்கம் தாங்காது, கீறல் விழும்.

தோட்டின் உண்மையான பலவீனம் திருகாணி. தங்கத்தில் வெட்டிய மரை பல வருடம் திருகித் திருகித் தேய்ந்துவிடும். அம்மா தண்டில் வெள்ளை நூலை இரண்டு சுற்றுச் சுற்றி அதன் மேல் திருகுவார். தோட்டை முதன்முதலில் கழற்றிப் பார்த்தபோது அந்த நூல் அழுக்கேறி அப்படியே இருந்தது. நூல் அவசரத்துக்குச் சரி, ஆனால் ஈரம் பிடித்துக் காதில் புண் வரும். திருகாணியை மட்டும் புதிதாகச் செய்யச் சொல்லலாம். தண்டின் மரைக்குப் பொருத்தமாகச் செய்ய வேண்டும் என்பதால் தோட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். சிலர் தண்டையே மாற்றச் சொல்வார்கள். தண்டு வளையாமல் இருந்தால் அதற்கு அவசியமில்லை. காது தொங்குகிறது என்பவர்களுக்கு மாட்டல் இருக்கிறது, பாரத்தில் பாதி முடிக்குப் போய்விடும்.

இந்தத் திருகாணி விஷயத்தில் எனக்கு வேலையிடத்திலும் பயிற்சி உண்டு. தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்ரேவுக்கு முன்னால் தோடு, மூக்குத்தி, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வோம். ஒரு காதின் தோடு எதிர்ப்பக்கத்துத் தாடை மேல் மங்கலான நிழலாக விழுந்து படத்தைக் கெடுக்கும். நம் பாட்டிகள் வந்தால் அங்கேதான் போராட்டம். கல்யாணத்தன்று திருகியது, அதற்கப்புறம் கழற்றவேயில்லை என்பார்கள். நான் சோப்புத் தண்ணீர் தொட்டு மெதுவாகத் திருகி எடுத்து, சின்ன டப்பாவில் போட்டு, "பாட்டி, இதோ உங்க கண் முன்னாடியே இருக்கு" என்று அவர்கள் மடியிலேயே வைப்பேன். டப்பா அந்த அறையைத் தாண்டிப் போனால் அவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள்.

கருவிகளைக் கழுவ எங்களிடம் அல்ட்ராசோனிக் தொட்டி இருக்கிறது. நகைக்கடையிலும் அதே மாதிரிதான் வைத்திருக்கிறார்கள். வெறும் தங்கச் சங்கிலிக்கு அது அருமை, முறுக்குக்குள் இருக்கும் மஞ்சளும் பவுடரும் புகை மாதிரி கிளம்பி வரும். ஆனால் பழைய கல் நகையை அதில் போட விடாதீர்கள். அதிர்வில் பிடி தளர்ந்த கல் கழன்றுவிடும்.

மோதிரத்தை வேலைக்குப் போடுவதில்லை. கையுறை கிழியும், மோதிரத்தின் அடியில் ஈரம் தங்கும். இன்னொரு காரணமும் உண்டு. பல் குழியை அடைக்கும் பழைய வெள்ளி நிற அடைப்பில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் பட்டால் தங்கம் அதை உறிஞ்சி வெள்ளையாகிவிடும், துடைத்தால் போகாது. சூடு பண்ணித்தான் எடுக்க வேண்டும், அந்தப் புகை விஷம். வேலை இடத்தில் இல்லாவிட்டாலும் வீட்டில் பழைய தெர்மாமீட்டர் உடைந்தால் இது ஞாபகம் இருக்கட்டும். நீச்சல் குளத்துக்கும் கழற்றிவிடுங்கள். குளோரின் தங்கத்தை அவ்வளவாகத் தொடாது, ஆனால் கலந்திருக்கும் செம்பையும் வெள்ளியையும், முக்கியமாகப் பற்றவைத்த இடத்தையும் அரிக்கும்.

இனி பூட்டி வைத்த கதை. அட்டிகை கனமானது, பட்டுப் புடவைக்குத்தான் பொருந்தும். அதனால் வெல்வெட் டப்பாவில் போட்டு, அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அலமாரியின் அடியில் வைத்தோம். பத்திரம் என்றால் அதுதான் பத்திரம் என்று வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு. உறவில் ஒரு கல்யாணத்துக்கு எடுத்தபோது கெம்பில் சிவப்பே இல்லை, ஒரு பக்கம் பழுப்பாகக் கிடந்தது. கெம்புக்கல் கட்டு பின்னால் மூடியது. கல்லுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்திருப்பார்கள், ஒளியைத் திருப்பி அனுப்புவது அதுதான். இந்த ஊர் ஈரக்காற்று உள்ளே போய், வெளியேற வழியில்லாமல் தகட்டைக் கறுக்கவைத்துவிட்டது. பின்னால் கட்டும் பட்டு நூலும் இற்றுப்போயிருந்தது. கல்லை எடுத்து, தகட்டை மாற்றி, மறுபடி கட்ட வேண்டும். இங்கே அந்த வேலைக்கு ஆள் அரிது. கும்பகோணத்தில் கொடுத்துச் செய்தோம். கூலியைக் கேட்டு அப்பா, "இதுக்கு அவ தினமும் போட்டுக்கிட்டே மீன் வாங்கப் போயிருக்கலாம்" என்றார். இப்போது அட்டிகையைப் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைக்கிறேன், நல்ல நாட்களில் எடுத்துப் போடுகிறேன். கழுவுவது கிடையாது, காய்ந்த துணியால் துடைப்பதோடு சரி.

வளையலில் சொல்ல அதிகமில்லை, கெட்டி வளையல், ஞாயிற்றுக்கிழமை போடுவேன். அதன் டப்பாவில் ஒரு பழைய அடகுச் சீட்டு மடித்து இருந்தது. தேதியைப் பார்த்தால் தங்கை பாலிடெக்னிக் சேர்ந்த வருடம். இங்கே அடகுக்கு ஆறு மாதத் தவணை, வட்டி மாதம் 1.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மீட்டாயிற்று என்பதற்கு வளையலே சாட்சி. எங்களிடம் அம்மா இதைச் சொன்னதேயில்லை.

பணக் கணக்கும் வேண்டுமல்லவா? 2025 அக்டோபரில் தங்கம் அவுன்ஸ் 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியபோது, கொடுத்துவிட்டுப் புதிது எடு என்று சொல்லாத ஆளில்லை. ஒரு கடையில் சங்கிலியைக் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். 916க்குச் சற்றுக் கீழே காட்டியது (916 என்பது 22 காரட்). பழைய நகையில் இது சாதாரணம். பற்றவைக்கும் பொடி நகையைவிடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும், அதனால் அதில் தங்கம் குறைவு. இந்தியாவில் ஹால்மார்க் கட்டாயமானதே 2021இல்தான், அம்மா காலத்து நகையில் கடைக்காரரின் முத்திரைதான் இருக்கும். கடைக்காரர் அதைக் குறையாகச் சொல்லி விலையை இறக்கினார். மாற்றி வாங்கினால் பழையதில் கழிவு, புதியதற்குச் செய்கூலி, அதன் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. பணம் அவசரமாகத் தேவைப்பட்டால் விற்பதில் தப்பே இல்லை, அம்மாவும் அடகு வைத்தவர்தானே. டிசைன் பழசு என்பதற்காக மட்டும் அழிப்பது என் கணக்கில் நஷ்டம்.

பாதுகாப்பைப் பற்றி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு எடுக்கும் தீக் காப்புறுதியில் நகை அடங்காது, அது கட்டடத்துக்கு மட்டும். வீட்டுப் பொருள்களுக்குத் தனிக் காப்புறுதி எடுத்தாலும் ஒரு நகைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருப்பார்கள், படித்துப் பாருங்கள். ஒவ்வொரு நகையையும் தராசில் வைத்து, எடை தெரியும்படி படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

தங்கை தன் பங்கை அழித்து மெல்லிய நெக்லஸ் ஒன்று செய்துகொண்டாள். அழகாகத்தான் இருக்கிறது, அவளுக்கும் திருப்தி. ஆனால் தீபாவளி வந்தால் என் தோட்டைத்தான் கேட்பாள். இந்த வருடமும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். இடது காதுத் திருகாணி மறுபடி தளர்ந்திருக்கிறது, அதை மாற்றிய பிறகு தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கூலியில் பாதி அவளுடையது.